சிம்மாசனப் படியில் இருந்தவர்

லோர்ட் கில்மோரனைப் பிடித்தது குலசேகரம்தான். அந்தப் பெருமையில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. பிறகு பழி வந்தபோதும் யாரும் பங்கு கேட்டு வரவில்லை.

குலசேகரம் ஜெர்மனியில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் பல வருடம் வெந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வீடு மோர்டனில். பிம்லிக்கோவில் சொந்தமாக ஒரு டிரை கிளீனிங் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்கு ஒருநாள் முழங்கை தேய்ந்த ஒரு கம்பளிக் கோட்டைத் தூக்கிக்கொண்டு, நெட்டையான ஒரு வெள்ளைக்கார முதியவர் வந்தார். ரசீதுத் துண்டில் எழுதப் பெயர் கேட்டதற்கு "கில்மோரன்" என்றார். முதற்பெயர் என்ன என்றதற்கு "அதுவே போதும்" என்றார். பெரிய திமிர் பிடித்த மனிசன் என்று குலசேகரம் மனதுக்குள் திட்டினார். காசோலையை வாங்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பெயருக்கு முன்னால் லோர்ட் என்று அச்சடித்திருந்தது.

அவருக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. அதற்குக் காரணம் ஹரோ பகுதித் தமிழ்ச் சங்கக்காரர்கள். அவர்கள் தங்கள் பொங்கல் விழாவுக்கு ஒரு எம்பியைக் கூப்பிட்டு மேடையேற்றி, அந்தப் படத்தைப் பெரிதாக்கி மண்டப வாசலில் மாட்டி வைத்திருந்தார்கள். மோர்டன் சங்கத்துக்கு வாய்த்ததோ ஒரு கவுன்சிலர். அவரும் வடையைத் தின்றுவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டார். குலசேகரம் அன்றைக்கே சங்கத் தலைவர் யோகலிங்கத்துக்குப் போன் போட்டார்.

"அண்ணை, அவை எம்பியைப் பிடிச்சால் நாங்கள் லோர்டைப் பிடிப்பம். ஆள் என்ரை கைக்குள்ளை."

2008 பொங்கலுக்கு லோர்ட் வந்தார். சொன்ன நேரத்துக்கே வந்து தொலைத்தார். மண்டபத்தில் அப்போது கதிரை அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனாலும் மனிதர் முகம் சுளிக்கவில்லை. தானும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நாலு கதிரை அடுக்கினார். பிறகு மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, வாழ்த்துப்பா என்று ஒன்றும் குறையவில்லை. "பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மேல்சபையை அலங்கரிக்கும் பெருமகனார்" என்று யோகலிங்கம் தமிழில் முழங்கினார். தமிழ் தெரியாத லோர்ட், கைதட்டலைக் கேட்டுப் பணிவாகத் தலை குனிந்தார். தன் முறை வந்தபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தன் பாட்டனார் நனைந்த மழையைப் பற்றியும், ஸ்கொட்லாந்தில் ஏதோ ஒரு தீவுக்கு ஓடும் படகைப் பற்றியும் பேசினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி நகுலேஸ்வரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இஞ்சை பாருங்கோ, அந்த மனிசன் உண்மையிலை பாராளுமன்றத்திலை இருக்கிறாரோ? நீங்கள் அவரிட்டையே கேட்டனீங்களோ?"

"லோர்டெண்டால் லோர்ட்ஸ் சபையிலைதானே இருப்பர்? பிறகென்ன, மீன் சந்தையிலையோ இருப்பர்? பெரிய மனிசரிட்டை அப்பிடிக் கேக்கிறதே?"

கேட்கக் கூடாதுதான். பிரதம விருந்தினரைப் பார்த்து "ஐயா, நீங்கள் சரியாக என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் என்றைக்கு இருந்தது? பொன்னாடை போர்த்திய தோளைப் பிடித்து யாராவது உலுக்குவார்களா? அந்த மண்டபத்தில் இருந்த வக்கீல்களும் டாக்டர்களும்கூடக் கேட்கவில்லை. குலசேகரம் மட்டும் கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு சொல்லிக் காட்டியவர்கள் எல்லோரும் அன்றைக்கு லோர்டோடு நின்று படம் எடுத்தவர்கள்தான்.

அது சும்மா ஒரு பொங்கல் பெருமையாகவே முடிந்திருக்கலாம். அடுத்த வருடம் அப்படி விடவில்லை.

2009 ஏப்ரலில், குலசேகரத்தின் தங்கச்சி பாலாம்பிகை இரண்டு பிள்ளைகளோடு வன்னிக் கடற்கரையில் ஒரு பதுங்குகுழிக்குள் கிடந்தாள். புருஷன் மாசி மாதமே செல் குண்டு விழுந்து போய்விட்டான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி, நடுவில் மணல், அதில் அள்ளிக் கொட்டியதுபோலச் சனம். அங்கே ஒரு பாதரிடம் சாட்டலைட் போன் இருந்தது. ஞாயிறும் புதனும் இருட்டிய பிறகு, லண்டனில் அது பின்னேரம் நாலு மணி, அவர் அதைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பார். வெளிநாட்டில் இருப்பவர்கள் விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

"அண்ணை, பக்கத்துப் பங்கர்ச் சனம் தண்ணியாலை ஆமிப் பக்கம் கடக்கப் போகுதுகள். நாங்களும் வெளிக்கிடவோ? கடந்தாலும் சூடு, இருந்தாலும் செல். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ, நான் அதைச் செய்யிறன்."

இரண்டு பிள்ளைகளின் உயிரை அவள் அப்படியே தூக்கி அண்ணனின் கையில் கொடுத்துவிட்டாள். அவரிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது; அதுதான் வினை. முதல் நாள்தான் லோர்டைப் போய்ப் பார்த்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லோர்ட் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "புதன்கிழமை சபை கூடுகிறது. நான் அங்கே இருப்பேன். என்னால் ஆனதைச் செய்வேன்." குலசேகரம் கடைக்குத் திரும்பி வருவதற்குள் அந்த மூன்று வசனமும் அவர் தலைக்குள் ஒன்றாகிவிட்டது. லோர்ட் புதன்கிழமை பாராளுமன்றத்தில் எழுந்து கேட்பார். லோர்ட் கேட்டால் அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொன்னால் யுத்த நிறுத்தம்தான்.

"தங்கச்சி, புதன் வரைக்கும் பொறு. லோர்ட் கேக்கப் போறார். அசையாதை."

"சரி அண்ணை. நீங்கள் சொன்னால் சரி."

திங்கட்கிழமை தொலைக்காட்சியில், சனம் ஆயிரக்கணக்கில் இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்து வருவதைக் காட்டினார்கள். குலசேகரம் திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்கு நெருங்கி நின்று பார்த்தார். தங்கச்சி அதற்குள் இருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. செவ்வாய் முழுக்கக் கண்ட நேரமெல்லாம் அடித்தும் போன் கிடைக்கவில்லை. சரி, ஒரு நாள்தானே, புதன் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

புதன் வந்தது. பாராளுமன்றச் சதுக்கத்தில் போரை நிறுத்தக் கேட்டு இரண்டு வாரமாகக் குந்தியிருந்த நம் சனம் அன்றைக்கும் பறையடித்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. "இண்டைக்கு எங்கடை லோர்ட் உள்ளுக்குள்ளை கேக்கிறார்" என்று யோகலிங்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தார். விசில் பறந்தது. குலசேகரம் கல்யாணச் சூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். லோர்ட் சொல்லி வைத்திருந்ததால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. மேல்மாடத்தில் நல்ல இடமாகக் கிடைத்தது.

கீழே சிவப்பு ஆசனங்கள். எதிரே, சபையின் மறுமுனையில் தங்கமாகச் சிம்மாசனம். அதற்குக் கீழே கம்பளம் விரித்த சில படிகள். அந்தப் படியில் லோர்ட் கில்மோரன் உட்கார்ந்திருந்தார். குலசேகரம் தானே நீராவி பிடித்துக் கொடுத்த அதே கோட்டுடன், நீளமான கால்களை மடக்கிக்கொண்டு. மற்றவர்கள் எல்லாம் ஆசனத்தில் இருக்க இவர் மட்டும் ஏன் படியில் இருக்கிறார் என்று ஒரு கணம் நெருடியது. பெரிய ஆளுக்குச் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

கேள்வி நேரம் தொடங்கியது. முதல் கேள்வி தேனீக்களைப் பற்றியது. நாட்டில் தேனீக்கள் ஏன் குறைகின்றன என்று ஒருவர் கேட்டார். அதைத் தொடர்ந்து ஆறு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரு தேனீக்கு ஆறு பேர்! லோர்ட் அசையவில்லை. அடுத்தது தபாற்கந்தோர். குலசேகரம் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். எழும்பு, எழும்பு என்று உதடு தானாக முணுமுணுத்தது. மூன்றாவது கேள்வி பஸ் பாஸ். ஒரு கிழவி நகைச்சுவையாக ஏதோ சொல்ல, சபை முழுவதும் சிரித்தது. லோர்டும் சிரித்தார். நாலாவது கேள்வியும் வந்து போனது. அமைச்சர்கள் கடதாசியைப் பொறுக்கிக்கொண்டு வெளியேறத் தொடங்கினார்கள்.

குலசேகரம் எழுந்து நின்றுவிட்டார். வால்கோட்டுப் போட்ட காவலர் ஒருவர் ஓசைப்படாமல் வந்து உட்காரும்படி சைகை காட்டினார்.

"லோர்ட் கில்மோரன் இன்னும் பேசவில்லை," என்றார் குலசேகரம்.

காவலர் நல்ல மனிதர். குனிந்து காதருகே சொன்னார்: "அவரால் பேச முடியாது சேர். பத்து வருடத்துக்கு முன்னால் பரம்பரை லோர்ட்களை நிறுத்தினார்களே, அப்போது அவர் இடமும் போய்விட்டது. பழைய மரியாதைக்கு அந்தப் படியில் உட்கார விடுவார்கள். சாப்பாட்டறைக்கும் போகலாம்."

உள்ளே வரலாம், உட்காரலாம், சூப் குடிக்கலாம். வாய் திறக்க முடியாது. இந்த மனிதருக்கா மாலை போட்டோம்? இவரை நம்பியா தங்கச்சியைப் பிடித்து வைத்திருக்கிறேன்? மடமடவென்று படியிறங்கினார். வாசலில் யோகலிங்கம் நின்றார்.

"என்ன, கேட்டவரோ?"

குலசேகரம் அவரைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

பாராளுமன்றத்தை ஒட்டி ஆற்றோரமாக ஒரு பூங்கா உண்டு. அங்கே சந்திப்பதாகத்தான் பேச்சு. லோர்ட் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். குலசேகரம் உட்காரவில்லை.

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை," என்றார் லோர்ட். உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மன்னியுங்கள். இது ஒரு மனிதன் சொல்லும் பதில் இல்லை. சொல்லப் பயந்தேன். சொன்னால் நீங்கள் திரும்பி வர மாட்டீர்கள் என்று பயந்தேன்."

பிறகு கேட்காமலே சொல்லத் தொடங்கினார். இருபத்தாறு வயதில் அப்பா இறந்த கையோடு அந்தச் சபைக்கு வந்தவராம். முதல் பேச்சு மீன்பிடியைப் பற்றி. ஏழு பேர் இருந்தார்களாம், அதில் மூவர் தூங்கினார்களாம். தன் ஊர்ப்பக்கத் தீவு ஒன்றுக்குப் படகுச் சேவை வேண்டும் என்று ஒன்பது வருடம் கேட்டாராம். பத்தாவது வருடம் படகு வந்தது, அதற்குள் தீவிலிருந்த பாதிப்பேர் கிளாஸ்கோவுக்குக் குடிபோய்விட்டார்கள். ஒருமுறை அரசாங்கத்தில் சின்னப் பதவி ஒன்று கொடுத்தார்கள். கிராமத்து ஆஸ்பத்திரி ஒன்றை மூடும் சட்டத்துக்குச் சொந்தக் கட்சிக்கே எதிராக வாக்குப் போட்டார், வருடம் முடிவதற்குள் பதவி போனது. முப்பத்தொரு வருடம் இப்படி ஓடியது. பிறகு 1999 வந்து, பரம்பரை வழியாக வந்தவர்களில் கொஞ்சப் பேரை வைத்துக்கொண்டு மிச்சப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. வைத்துக்கொண்டவர்களில் யாராவது இறந்தால், அனுப்பப்பட்டவர்கள் அந்த ஒற்றை இடத்துக்குத் தேர்தலில் நிற்கலாம். வாக்குப் போடுவது உள்ளே மிஞ்சியிருப்பவர்கள்.

"இந்த மாதம் ஓர் இடம் காலியானது. நின்றேன். வென்றிருந்தால் இன்று நானே கேட்டிருப்பேன். வெல்வேன் என்று நம்பித்தான் உங்களுக்கு அப்படிச் சொன்னேன். நேற்று முடிவு வந்தது."

"எத்தனை வாக்கு?"

"ஒன்றுமில்லை. போன முறை ஒன்று கிடைத்தது. என் நண்பர் போட்டது. அவர் இறந்துதான் இந்த இடம் காலியானது."

வேறு நாளாக இருந்தால் குலசேகரம் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இப்போது அந்தக் குடையைப் பிடுங்கி ஆற்றில் எறிய வேண்டும்போல இருந்தது. இந்தக் கிழவனின் தோற்ற கதையைக் கேட்கவா நான் சூட் போட்டுக்கொண்டு வந்தேன்? சதுக்கத்தில் கத்துகிற சனத்துக்குக் குரல் இருக்கிறது, உள்ளே விடமாட்டார்கள். இந்த மனிதரை உள்ளே விடுகிறார்கள், குரல் இல்லை. நல்ல சோடிதான் போங்கள்.

"மதியம் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரிடம் கெஞ்சினேன்," என்றார் லோர்ட். "எனக்காக நீங்கள் எழுந்து கேளுங்கள் என்றேன். மூவரும் மிகவும் வருத்தப்பட்டார்கள். ஒருவர் சூப் ஆறுகிறது என்றார்."

நாலு மணியாகியிருந்தது. குலசேகரம் போனை எடுத்து அடிக்கத் தொடங்கினார். இணைப்பு இல்லை. மறுபடி. இல்லை. மறுபடி அடித்தார். பாதையில் நாயோடு போன ஒருத்தி புன்னகைத்தாள், அவளையும் திட்ட வேண்டும்போல இருந்தது. அடித்து அடித்துக் கட்டைவிரல் மரத்துப்போன நேரத்தில் மறுமுனையில் இரைச்சல் கேட்டது. பாதரின் குரல். பிறகு அவள்.

"அண்ணையோ? லோர்ட் கதைச்சவரோ?"

எப்படி இருக்கிறீர்கள் இல்லை, சாப்பிட்டீர்களா இல்லை. அதுதான் முதல் கேள்வி.

"நீ சுகமோ? பிள்ளையள்?"

"சின்னவனுக்குக் காய்ச்சல். மூத்தவள் துஷ்யா சுகமாய் நிக்கிறாள். அண்ணை, இஞ்சை இன்னும் ஆறேழு குடும்பம் உங்கடை லோர்டை நம்பிப் போகாமல் நிக்குதுகள். நான்தான் சொன்னனான். இண்டைக்கு இரவு கடைசியா ஒரு கூட்டம் தண்ணியிலை இறங்குது. பிறகு ஏலாதாம். கெதியாச் சொல்லுங்கோ, கதைச்சவரோ?"

குலசேகரம் கண்ணை மூடிக்கொண்டார். இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அவள் அடுத்த புதன் வரை பொறுப்பாள். அண்ணன் சொன்ன லோர்ட் என்றைக்காவது பேசாமல் போவாரா?

"கதைச்சவர்," என்றார். "கடக்கிற சனத்திலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டார். இண்டைக்கே இறங்கு. எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கு. இனி ஒருதருக்காண்டியும் பொறுக்காதை."

"உண்மையோ அண்ணை? இவையள் நம்பமாட்டினம் எண்டு நிக்கினம். போன தரம் பொறு எண்டு சொன்னனீங்கள், இப்ப போ எண்டுறியள்."

அவள் குரலில் முதல்முறையாக ஒரு சந்தேகம்.

"நான் அவருக்குப் பக்கத்திலை நிண்டுதான் கதைக்கிறன். பொறு, அவரிட்டையே குடுக்கிறன்."

போனை லோர்டிடம் நீட்டினார். "பேசுங்கள்."

"என்ன பேச?"

"இன்றைக்கு அங்கே பேச இருந்ததை. சத்தமாக."

லோர்ட் போனை வாங்கினார். ஒரு கணம் அதையே பார்த்தார். பிறகு வாங்கிலிருந்து எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து, ஆற்றைப் பார்த்து நின்று, "மை லோர்ட்ஸ்" என்று தொடங்கினார். அந்தக் கடற்கரையில் சிக்கியிருக்கும் குடிமக்களைக் காப்பாற்ற மாட்சிமை தங்கிய மகாராணியாரின் அரசாங்கம் என்ன செய்யப்போகிறது என்று கேட்டார். எத்தனை தாய்மார், எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். அவர்கள் தண்ணீரைக் கடக்கும்போது உலகம் கண்ணை மூடிக்கொண்டிருக்குமா என்று கேட்டார். தடித்த, நடுங்காத குரல். கடையில் துண்டுக்குப் பெயர் சொன்ன மனிதர் இல்லை அவர். நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாய்க்காரி நின்றுவிட்டாள். குலசேகரத்துக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது, அந்தக் கலக்கத்தின் மேலும் கோபம் வந்தது.

போனுக்குள் பாலாம்பிகை யாரிடமோ கத்துவது வெளியே கேட்டது. "கேளுங்கோ, லோர்ட் கதைக்கிறார்! இஞ்சை வாங்கோ, கேளுங்கோ!" அவள் போனை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும், இரைச்சல் கூடியது. ஆங்கிலம் தெரியாத சனம் அந்த மணலில் நின்று ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபுவின் பேச்சைக் கேட்டது.

லோர்ட் முடித்தார். குலசேகரம் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"அண்ணை, வெளிக்கிடுறம். எல்லாரும் எழும்பிட்டினம். அவருக்குக் கோடி நன்றியெண்டு சொல்லுங்கோ." தொடர்பு அறுந்தது.

உடனே திருப்பி அடித்தார். இல்லை. பாதர் போனை மூடியிருப்பார். இனி ஞாயிற்றுக்கிழமைதான்.

லோர்ட் இன்னும் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்து, பத்து வயது குறைந்தவர்போல இருந்தார்.

"என்னைப் பற்றி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்?"

"நன்றி சொன்னாள்."

"நீங்கள் அவளுக்கு முதலில் என்ன சொன்னீர்கள்?"

குலசேகரம் சொன்னார். நீங்கள் சபையில் பேசிவிட்டீர்கள் என்றும், கடந்தால் பயமில்லை என்று நீங்கள் உறுதி கொடுத்தீர்கள் என்றும் சொன்னதை ஒளிக்காமல் சொன்னார்.

"இப்போது அவர்கள் போகிறார்களா? என் பேச்சைக் கேட்டா?"

"ஆம். உங்களை நம்பித்தான். ஆறேழு குடும்பம்."

லோர்டின் முகத்திலிருந்த சிவப்பு இறங்கியது. முப்பத்தொரு வருடம் அவர் அந்தச் சபையில் பேசியிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு ஒரு ஆள் கதிரையை விட்டு எழுந்து ஓர் இடத்துக்குப் போனது கிடையாது. குடையை ஊன்றிக்கொண்டு மெல்ல வாங்கில் உட்கார்ந்தார்.

"மறுபடி அடியுங்கள்," என்றார். "அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லுங்கள்."

குலசேகரம் அடித்துக்கொண்டுதான் இருந்தார்.